கப்பற்றலைவர் ராபர்ட் ஸ்மால்ஸ்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெருங்கப்பல்களைப் பற்றியும் அவற்றைச் செலுத்திய தலைவர்களைப் பற்றியும் நூல்கள் பல உள. ஆயின், எத்துணைப் பெரிய கப்பலாயினும் துறைமுக வாயிலை அணுகியவுடன் தன் வலிமையெல்லாம் ஒடுங்கி நிற்பதை நாம் காண்கின்றோம். ஆழ்கடலில் மலைபோன்ற அலைகளைப் பிளந்து வந்த அக்கப்பல், கரையை அடுத்த குறுகிய நீரில் தானே திரும்பவும் மாட்டாது. தானே நிற்கவும் மாட்டாது. அப்போது சிறியதோர் இழுவைக் கப்பல் வந்து, வடத்தைக் கட்டி, அதனைக் குழந்தையைக் கைப்பிடித்து அழைப்பதுபோல் உள்ளே கொணர்கின்றது. மணல்மேடு எங்கே உளது, நீரோட்டம் எப்போது திரும்பும், காற்று எத்திசையிலிருந்து தள்ளும் என்பனவற்றையெல்லாம் அச்சிறுகலத்துத் தலைவனே அறிவான். எனினும் கப்பல் கரைசேர்ந்த செய்தியைப் பத்திரிகைகள் வெளியிடுங்கால், கரைசேர்த்தவன் பெயரை ஒருவரும் எழுதுவதில்லை.

துறைமுகச் சிறுகலத் தலைவர் ஒருவரது வாழ்க்கையைப் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, எம் நினைவிற்கு முதற்கண் வந்தவர் அமெரிக்க நாட்டுத் தென் கரோலினா மாகாணத்தவராகிய ராபர்ட் ஸ்மால்ஸ் என்பார். அவர் எழுபத்தைந்து ஆண்டு வாழ்ந்தவர். அடிமையாய்ப் பிறந்து, துறைமுகத்துக் கூலியாய் வளர்ந்து, சுக்கான் பிடித்து, கப்பற்றலைவராகி, நாட்டின் சட்டசபையிலும் அமர்ந்தவர். ஆயினும் யாம் அவரை இன்று எடுத்துக்கொண்டது அப்பதவிகளின் பொருட்டன்று. அவர் செய்த செயல்களுள் பெரியவையெல்லாம் மனைவி மக்களின் பொருட்டே செய்யப்பட்டவை. அவரைக் கப்பற்றலைவராக்கியது அவருடைய குடும்பமே என்பது எம் கருத்து.

அவர் 1839-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள் பியூபர்ட் என்னும் கடற்கரையூரில் பிறந்தார். அவருடைய தாயார் லிடியா என்பார், மக்கீ என்னும் வெள்ளையர் குடும்பத்தில் வீட்டுவேலை செய்த அடிமைப்பெண். பிரின்ஸ் தெருவில் இருந்த எசமானரது பெரிய வீட்டின் பின்புறத்துக் குடிசையே குழந்தை பிறந்த இடம். அக்காலத்து அந்நாட்டுச் சட்டம் ஒன்றை ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். தாய் அடிமையாயின் அவள் பெறும் சேயும் அடிமையே. தந்தை யாராயினும் அதனைச் சட்டம் கேளாது. அடிமைகள் செய்துகொள்ளும் மணத்தையும் அச்சட்டம் மணமென ஒப்புக்கொள்ளாது. கணவனை ஓர் ஊருக்கும் மனைவியை மற்றோர் ஊருக்கும் விற்கலாம். பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து எடுத்து ஏலத்தில் நிறுத்தலாம். குலம் கோத்திரம் என்று பேசுகின்ற நாம், பாட்டன் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளுகின்ற நாம், ஒரு நொடி இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. பெற்ற பிள்ளை தன்னுடையதென்று சொல்லுதற்கும் உரிமையற்ற மக்கள் இலட்சக்கணக்கானோர் அந்நாட்டில் அன்று இருந்தனர்.

சிறுவன் ராபர்ட் எசமானரது வீட்டிற்கு இனியவனாகவே வளர்ந்தான். அதுவே தாய்க்குக் கவலையாயிற்று. தன் மகன் வீட்டின் நிழலில் வளர்ந்து, அடிமைத்தனத்தின் உண்மை உருவத்தை அறியாது ஏமாந்து போவானோ என்று அஞ்சி, வயல்களில் உழைப்போர் படும் பாட்டையும் அடிமைகள் கசையடிபடுதலையும் அவள் வேண்டுமென்றே அவனுக்குக் காட்டச் செய்தாள் என்று சொல்லப்படுகிறது. பிள்ளைகள் துன்பத்தைக் காணாது வளரவேண்டும் என்பதே தாய்மாரின் இயற்கை. லிடியா அம்மையார் அவ்வியற்கையை வென்றவர். அவர்தம் செயல் கொடிதென்று இங்குள்ள தாய்மார் சிலர் எண்ணக்கூடும். யாம் அவ்வாறு எண்ணவில்லை.

1851-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், ராபர்ட் சார்ல்ஸ்டன் நகரத்திற்குக் கூலிக்கு அனுப்பப்பட்டான். உழைப்பு அவனுடையது; கூலி எசமானருடையது. வாரத்திற்கு ஒரு டாலர் மாத்திரம் அவன் வைத்துக்கொள்ளலாம். உணவு விடுதியிற் பரிமாறினான், தெருவிளக்கு ஏற்றினான், பின்னர்த் துறைமுகத்தை அடைந்தான். அங்கே மூட்டை சுமந்தான். பாய்மரக் கயிறுகளைக் கட்டக் கற்றான். பாய் தைக்கக் கற்றான். ஈற்றில் சுக்கான் பிடிக்கவும் கற்றான். சார்ல்ஸ்டன் துறைமுகம் ஆறுகளும் கழிகளும் மணற்றிட்டுகளும் பின்னிக் கிடக்கும் இடம். அவற்றின் போக்கெல்லாம் அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாயிற்று. வழிகாட்டி மாலுமி ஒருவன் அறியவேண்டிய யாவற்றையும் அவன் அறிந்திருந்தான். ஆயினும் கறுப்பு நிறத்தானை 'பைலட்டு' என்று அழைப்பது அந்நாட்டு வெள்ளையருக்கு இழிவாகப்பட்டது. எனவே 'சுக்கானி' என்றே அழைத்தனர். வேலை அதே வேலை. பெயர் மட்டும் வேறு. உழைப்பைப் பெற்றுக்கொண்டு பெயரை மறுக்கும் இவ்வழக்கம் எந்நாட்டிற்கும் புதிதன்று.

1856-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அவர் ஹன்னா ஜோன்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். ஹன்னா ஒரு விடுதியில் வேலை செய்த அடிமைப்பெண். வேறோர் எசமானருக்கு உரியவர். கணவரினும் வயதில் மூத்தவர். இருவரும் தத்தம் எசமானருக்கு மாதந்தோறும் தொகை கட்டிவிட்டுத் தனிக்குடித்தனம் நடத்த இசைவு பெற்றனர். 1858-ஆம் ஆண்டில் எலிசபெத் என்னும் பெண்குழந்தை பிறந்தது. குழந்தையை முதன்முதற் கையில் ஏந்திய தந்தைக்கு மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் உடன் பிறந்தது. தாய் வேறொருவர் சொத்து. ஆதலின் குழந்தையும் அவர் சொத்து. நாளையே அவர் இருவரையும் விற்றுவிடின் கேட்பாரில்லை. ஸ்மால்ஸ் அந்த எசமானரிடம் சென்று விலை பேசினார். மனைவிக்கும் மகளுக்கும் 800 டாலர் என்று விலை முடிவாயிற்று. வாரத்திற்கு ஒன்றிரண்டு டாலர் மிச்சம் பிடிப்பவருக்கு அஃது எத்தனை ஆண்டுக் கணக்கு என்பதைக் கேட்போரே கணக்கிட்டுக் கொள்ளலாம். பின்னர் ஓர் ஆண்குழந்தையும் பிறந்து, தந்தையின் பெயரையே பெற்று, இளமையிலேயே இறந்தது.

நிற்க. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் சார்ல்ஸ்டன் துறைமுகத்து நடுவே நின்ற சம்டர் கோட்டையின்மீது தென்னாட்டார் பீரங்கி சுட்டனர். அதுவே அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் தொடக்கம். அடிமை முறையைக் காக்க நின்ற தென்னாட்டார் ஒருபுறம், ஆபிரகாம் லிங்கனைத் தலைவராகக் கொண்ட வடநாட்டார் மறுபுறம். வடநாட்டுக் கப்பற்படை துறைமுக வாயிலுக்கு வெளியே சில கல் தொலைவில் முற்றுகையிட்டு நின்றது. ஸ்மால்ஸ் தென்னாட்டார் படைக்கு ஊழியம் செய்த 'பிளான்டர்' என்னும் நீராவிக் கப்பலிற் சுக்கானியாக அமர்த்தப்பட்டார். 147 அடி நீளமும் இருபக்கங்களில் சக்கரங்களும் உடைய அக்கலம் பஞ்சுப்பொதி ஏற்றுதற்கென்று கட்டப்பெற்றது. விறகை எரித்து ஓடுவது. மிகக் குறைந்த ஆழத்திலும் செல்ல வல்லது. கடிதங்களையும் படைவீரரையும் பீரங்கிகளையும் கோட்டைக்குக் கோட்டை கொண்டுசெல்லுதலும், நீரடியில் வெடிக்கண்ணிகள் வைத்தலும் அதன் தொழில். கண்ணிகளை வைத்தபோது சுக்கானைப் பிடித்த கை ஸ்மால்ஸின் கை என்பதைத் தென்னாட்டார் எண்ணிப் பார்த்திலர் போலும்!

கப்பலிற் கப்பற்றலைவர், துணைவர், இயந்திர அதிகாரி என வெள்ளையர் மூவர்; மற்றையோர் அடிமைகள். வெள்ளையர் மூவரும் இரவிற் கப்பலிலேயே தங்கவேண்டுமென்பது கட்டளை. அவர்களோ அவ்வப்போது அதனை மீறி வீட்டிற்குச் சென்றுவிடுவர். கப்பற்றலைவர் தலையில் எப்போதும் அகன்ற வைக்கோற்றொப்பி ஒன்று இருக்கும். ஒருநாள் அவர் இல்லாத வேளையில் தோழன் ஒருவன் விளையாட்டாக அத்தொப்பியை ஸ்மால்ஸின் தலையில் வைத்து, 'நீ அவரைப்போலவே இருக்கின்றாய்' என்னும் பொருள்படச் சொன்னானாம். தோழர் நகைத்தனர், ஸ்மால்ஸ் நகைக்கவில்லை. அன்று தொடங்கி அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் உருவாயிற்று.

அவ்வெண்ணத்தை அவர் முதலிற் கூறியது ஹன்னாவிடம். அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகுமென்று அவள் கேட்க, தாம் சுடப்படுவது உறுதியென்று அவர் மறையாமற் கூறினார். அதற்கு அவ்வம்மையார், குழந்தைகளின் விடுதலைக்கு இஃதொன்றே வழியாயின் தாமும் வருவதாகவும், கணவர் இறக்குமிடத்திலேயே தாமும் இறப்பதாகவும் விடையளித்தார் என்பர். வரலாற்றாசிரியர் பலர் ஸ்மால்ஸின் வீரத்தை விரித்தெழுதி இவ்விடத்தை ஒரு வரியிற் கடந்து செல்கின்றனர். யாம் அவ்வாறு கடந்து செல்ல விரும்பவில்லை. ஸ்மால்ஸுக்காவது கையில் ஒரு சுக்கான் இருந்தது. நடக்கும் செயலில் அவருக்கு ஒரு பங்கு இருந்தது. ஹன்னாவுக்கோ இருளிற் கப்பலின் அடியறையில், மகளின் வாயைப் பொத்திக்கொண்டு, மேலே என்ன நடக்கின்றது என்று அறியாமல் இருப்பதே வேலை. இவ்விருவருள் எவர் துணிவு பெரிது என்று கேட்டால், விடை சொல்ல யாம் சிறிது தயங்குவோம்.

1862-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் பிளான்டர் கப்பல் வேறொரு கோட்டைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பீரங்கிகள் நான்கை ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் துறையில் வந்து நின்றது. படைத்தலைவரின் அலுவலகம் அத்துறைக்கு எதிரிலேயே இருந்தது, காவலரும் நின்றனர். அன்றிரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையேறிச் சென்றனர். நள்ளிரவு கழிந்தது. ஏறத்தாழ மூன்று மணியளவில் ஸ்மால்ஸ் கப்பற்றலைவரின் மேற்சட்டையையும் வைக்கோற்றொப்பியையும் அணிந்து, உலையை மூட்டச் செய்து, தென்னாட்டுக் கொடியை ஏற்றி, வடத்தை அவிழ்த்தார். காவலர் பார்த்தனர், கப்பற்றலைவரே செல்கின்றார் என்று எண்ணி வாளாவிருந்தனர். கப்பல் நேரே வெளியே செல்லவில்லை. முதலில் வேறொரு துறைக்குச் சென்று, ஆங்கு மறைந்திருந்த பெண்டிரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டது. தாம் மட்டும் தப்பவேண்டுமென்று கருதியிருந்தால் அவருக்கு இத்தாமதம் வேண்டியதில்லை. ஒவ்வொரு நொடியும் உயிருக்கு விலையான அவ்வேளையில், குடும்பத்தை ஏற்றுதற்காக அவர் கப்பலைத் திருப்பினார். எல்லாருமாக ஏறக்குறையப் பதினாறு பேர். அகப்பட நேரின் சரணடைவதில்லை. கப்பலை மூழ்கடிப்பது, அல்லது கைகோத்துக் கடலிற் குதிப்பது என்று முன்னரே உறுதி செய்துகொண்டனர்.

வழியிற் கோட்டைகள் ஐந்து. ஒவ்வொன்றையும் கடக்குங்கால் ஊதுகுழலில் உரிய அடையாள ஒலி எழுப்பவேண்டும். அவ்வொலிகளை ஸ்மால்ஸ் நாள்தோறும் கேட்டவர். ஒன்றும் தவறாமல் எழுப்பினார். கடைசியாக நின்றது சம்டர் கோட்டை. பொழுது நாலரை மணி ஆகியிருந்தது. கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியது. கோட்டைக்கு மிக அருகிற் செல்லாமற் சற்று ஒதுங்கிச் செல்லலாமென்று தோழர் சிலர் நடுக்கத்தோடு கூறினர். ஸ்மால்ஸ் இசையவில்லை. வழக்கமான வழியை விட்டு விலகுவதே ஐயத்தை உண்டாக்கும் என்பது அவருடைய கருத்து. துறைமுகத்தில் நாள்தோறும் உழன்ற ஒருவனுக்கே இந்நுட்பம் தோன்றும். அவர் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு, கப்பற்றலைவர் வழக்கமாக நிற்பதுபோலக் கைகளைக் கட்டிச் சாய்ந்து நின்றார், குழலை ஒலித்தார். கோட்டையின் காவலன் விடையிறுக்கச் சிறிது பொழுதாயிற்று. அச்சிறு பொழுதில் அப்பதினாறு பேர் உள்ளமும் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பின்னர்ச் செல்லலாம் என்னும் விடை வந்தது.

பீரங்கிக் குண்டு எட்டாத தொலைவை அடைந்தவுடன் கப்பல் தன் வழக்கமான வழியை விட்டு, வடநாட்டார் முற்றுகைக் கப்பல்களை நோக்கி விரைந்தது. கோட்டையிலுள்ளோர் உண்மையை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. ஆயினும் ஆபத்து முடிந்தபாடில்லை. பகைவர் கப்பலொன்று தம்மை மோதவருகின்றது என்று கருதிய 'ஆன்வர்ட்' என்னும் வடநாட்டுக் கப்பல் பீரங்கியைத் திருப்பிச் சுடுதற்கு ஆயத்தமாயிற்று. அப்போது தென்னாட்டுக் கொடி இறங்கி, வெள்ளைத் துணியொன்று மேலே ஏறியது. அத்துணி ஹன்னா தாம் வேலை செய்த விடுதியிலிருந்து கொண்டுவந்த படுக்கை விரிப்பு. நாள்தோறும் பிறருடைய படுக்கையில் விரித்த அத்துணியே அன்று பதினாறு உயிர்களைக் காத்தது. ஆன்வர்ட் கப்பலினர் ஏறிவந்தபோது ஸ்மால்ஸ் தொப்பியைக் கழற்றி, லிங்கனுக்குப் பயன்படுமென்று சில பீரங்கிகள் கொண்டு வந்திருப்பதாக நகைச்சுவை தோன்றக் கூறினார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று.

அவர் கொண்டுவந்தவற்றுள் பீரங்கிகளும் கப்பலும் சிறியவையே. வெடிக்கண்ணிகள் இருந்த இடங்கள், படைகளின் அளவு, தென்னாட்டார் கைவிட்ட காவலிடம் ஆகியவற்றைப் பற்றி அவர் வாயினின்று வந்த செய்திகளே பெரியவை. அவற்றைக்கொண்டு சில நாட்களுக்குள் வடநாட்டார் கோல்ஸ் தீவைப் போரின்றிக் கைப்பற்றினர். கைப்பற்றிய கப்பலின் மதிப்பிற் பாதியை அதைக் கொணர்ந்தோர்க்குக் கொடுக்குமாறு அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் செய்தது. (காங்கிரஸ் என்பது ஈண்டு அமெரிக்கச் சட்டசபை, நம் நாட்டுக் காங்கிரஸ் அன்று என்பதைச் சிறுவர்கள் நினைவிற் கொள்க.) ஸ்மால்ஸின் பங்கிற்கு 1,500 டாலர் கிடைத்தது. மனைவிக்கும் மகளுக்கும் கேட்கப்பட்ட விலையோ 800 டாலர்! கப்பலை மிகக் குறைவாக மதித்துவிட்டனர் என்று பிற்காலத்துச் சட்டசபைக் குழுவே கூறியது. 1900-ஆம் ஆண்டில் அவருக்கு மொத்தம் 5,000 டாலர் உரித்தென்று தீர்மானித்து, முன் கொடுத்ததைக் கழித்து எஞ்சியதைக் கொடுத்தனர். முப்பத்தெட்டு ஆண்டு கழித்து!

அதே 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் பாதிரியார் ஒருவருடன் தலைநகர் சென்று லிங்கனையும் யுத்த மந்திரி ஸ்டான்டனையும் கண்டு, கறுப்பு மக்களையும் படையிற் சேர்க்கவேண்டுமென்று வேண்டினார். அதன்பின் 5,000 பேர்வரை சேர்த்துக்கொள்ள ஆணை பிறந்தது. 1863-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் 'கியோகக்' என்னும் இருப்புக் கவசக் கப்பலுக்கு வழிகாட்டியாய் நின்று, தாம் முன்பு தப்பிய அதே சம்டர் கோட்டையைத் தாக்கச் சென்றார். தொண்ணூறு குண்டுகளுக்குமேற் பட்ட அக்கப்பல் மறுநாட் காலை மூழ்கியது. அவர் உயிர் பிழைத்தார்.

அவ்வாண்டின் இறுதியில் நடந்ததே எம் தலைப்பிற்கு உரிய நிகழ்ச்சி. வடநாட்டார் படைக்கு உழைத்துவந்த பிளான்டர் கப்பல் குறுகிய கழியொன்றிற் பகைவரின் குண்டுகளுக்கு நடுவே அகப்பட்டது. வெள்ளையராகிய கப்பற்றலைவர் அஞ்சிச் சரணடைய எண்ணினார்; பின்னர்த் தம் இடத்தை விட்டுச் சென்று நிலக்கரி வைக்கும் அறையில் ஒளிந்துகொண்டார். வெள்ளையன் பிடிபட்டால் போர்க்கைதி. முன்பு அடிமையாயிருந்தவன் பிடிபட்டால் அவனுக்கு என்ன நேரும் என்பதை ஸ்மால்ஸ் அறிவார். அவர் சுக்கானைத் தாமே பற்றிக் கப்பலை வெளியே கொண்டுவந்தார். அதன்பின் பிளான்டர் கப்பலின் தலைவர் பதவி அவருக்கே கொடுக்கப்பட்டது. 'பைலட்டு' என்னும் பெயரையும் மறுத்த அதே நீர்ப்பரப்பில் இப்போது அவர் கப்பற்றலைவர்!

இத்துணைச் செயல்களைச் செய்தவருக்கு அதுகாறும் எழுதப் படிக்கத் தெரியாது என்றால் வியப்பாயிருக்கும். அடிமைக்குக் கல்வி கற்பிப்பதைத் தென் கரோலினாச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. 1864-ஆம் ஆண்டில் கப்பலைப் பழுதுபார்த்தற்காகப் பிலடெல்பியா நகரத்திற்குக் கொண்டுசென்று மாதக்கணக்கில் தங்கியிருந்தபோது, ஆசிரியர்களை அமர்த்திக்கொண்டு, இருபத்தைந்து வயதில் அவர் எழுத்துப் பயின்றார். அந்நகரத்திலேயே ஒருநாள் தெருவண்டியில் ஏறியிருந்தவரை, வெள்ளையர்க்கு இடம் வேண்டுமென்று எழச் சொன்னார்கள். நாட்டிற்காக உயிரைப் பணயம் வைத்த கப்பற்றலைவர் வண்டியிலிருந்து இறங்கி நடந்து சென்றார். அச்செய்தி பரவி, நல்லோர் பலர் வெகுண்டெழ, 1867-ஆம் ஆண்டில் தெருவண்டிகளில் நிறவேற்றுமை கூடாதென்று அம்மாகாணத்திற் சட்டம் உண்டாயிற்று.

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சம்டர் கோட்டையில் மீண்டும் வடநாட்டுக் கொடி ஏற்றிய விழாவிற்கு, விடுதலை பெற்ற மக்களைத் தளம் நிறைய ஏற்றிக்கொண்டு பிளான்டர் சென்றது. அன்றிரவே லிங்கன் சுடப்பட்டார்.

இனி அவர் இல்லற வாழ்வைப் பற்றிச் சொல்லுவோம். யுத்தத்தின்போது வரி கட்டப்படாத வீடுகளை அரசாங்கம் ஏலம் விட்டது. பியூபர்ட் ஊரில் பிரின்ஸ் தெருவிலுள்ள ஒரு வீட்டை ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். எந்த வீடு? எந்த வீட்டின் பின்புறத்துக் குடிசையிற் பிறந்தாரோ அதே வீடு. எந்த வீட்டில் தாயார் பணிப்பெண்ணாய் நின்றாரோ, அந்த வீட்டிலேயே தாயாரைக் கொண்டுவந்து வைத்துக் காத்தார். பழைய உரிமையாளர் வழியாய் அவ்வீட்டைப் பெற்றதாகக் கூறிய ஒருவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம்வரை சென்று, 1878-ஆம் ஆண்டில் ஸ்மால்ஸின் பக்கமே தீர்ப்பாயிற்று. அவ்வழக்கால் அவர் ஒருவர் வீடு மட்டுமன்று, அவ்வகையில் நிலம் வாங்கிய பலருடைய உரிமையும் உறுதிப்பட்டது.

அவ்வீட்டைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. பழைய எசமானரின் மனைவி முதுமையால் நினைவு தடுமாறி, ஒருநாள் அது தம் வீடே என்றெண்ணி வந்து நின்றாராம். ஸ்மால்ஸ் அவரைத் துரத்தவில்லை; உள்ளே அழைத்து, அவர் முன்பு இருந்த அறையிலேயே தங்கச்செய்து பேணினாராம். இதைக் கேட்டு, அவர் பகையை மறந்த பெரியார் என்று சிலர் போற்றுவர். வேறு சிலரோ, இத்துணைத் துன்பம் செய்தாருக்கு இத்துணை இரக்கம் வேண்டுமோ என்று கேட்பர். நம் சங்கத்து இளைஞர் ஒருவரும் எம்மிடம் அவ்வாறே கேட்டார். யாம் அவருக்குச் சொன்ன விடை இது: அவ்வம்மையார் வந்து நின்றபோது வீட்டின் உரிமையாளர் ஸ்மால்ஸ், உள்ளே அழைப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். உரிமை இல்லாதவன் காட்டும் பணிவு வேறு; உரிமை உடையவன் காட்டும் இரக்கம் வேறு.

அரசியலில் அவர் செய்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 1868-ஆம் ஆண்டு தென் கரோலினா அரசியற்சட்ட மகாசபையில் உறுப்பினராய் இருந்து, எல்லாக் குழந்தைகட்கும் இலவசப் பொதுக்கல்வி வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். இருபத்தைந்து வயதில் எழுத்தறிந்தவருக்கன்றோ கல்வியின் அருமை தெரியும்! மாகாணச் சபைகள் இரண்டிலும் இருந்து, 1875 முதல் 1887 வரை இடையிடையே நாட்டுச் சட்டசபையிலும் அமர்ந்தார். 1877-ஆம் ஆண்டில் கைக்கூலி பெற்றதாக அவர்மீது வழக்குத் தொடுத்துத் தண்டனையும் விதித்தனர். 1879-ஆம் ஆண்டில் மாகாண ஆளுநர் மன்னிப்பு அளித்தார். கறுப்பு மக்களை ஆட்சியிலிருந்து விலக்குதற்கு எதிர்க்கட்சியார் எல்லா வழிகளையும் தேடிய காலம் அது என்பதை நினைவிற்கொண்டு அவ்வழக்கை மதிப்பிடுதல் வேண்டும்.

1895-ஆம் ஆண்டில் அம்மக்களின் வாக்குரிமையைப் பறித்தற்கென்றே புதிய அரசியற்சட்ட மகாசபை கூடியது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உறுப்பினருட் கறுப்பு மக்கள் அறுவரே. அவ்வறுவருள் ஒருவராய் நின்று ஸ்மால்ஸ் வாதாடினார், தோற்றார். சட்டத்திற் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்திடாதவர்க்கு வழிச்செலவுப் பணம் இல்லையென்று சொல்லப்பட்டபோது, தாம் நடந்தே வீடு செல்வதாகக் கூறினார் என்பர். பிலடெல்பியாவில் வண்டியிலிருந்து இறங்கி நடந்தவருக்கு நடை புதிதன்று.

ஹன்னா அம்மையார் 1883-ஆம் ஆண்டிற் காலமானார். இருபத்தாறு ஆண்டுக்கு மேற்பட்ட இல்லறம் அஃது. 1890-ஆம் ஆண்டில் அவர் ஆனி என்னும் ஆசிரியையை மணந்தார். 1892-ஆம் ஆண்டில் வில்லியம் என்னும் மகன் பிறந்தான். மேற்சொன்ன 1895-ஆம் ஆண்டிலேயே அவ்வம்மையாரும் இறந்தார். வாக்குரிமையையும் மனைவியையும் ஒரே ஆண்டில் இழந்த அவர், ஐம்பத்தாறு வயதில் மூன்று வயதுப் பிள்ளையோடு நின்றார். கப்பலில் அன்று அடியறையில் ஒளிந்திருந்த மூத்த மகள் எலிசபெத், தந்தைக்குச் செயலாளராய் உதவி, மணமுடித்துப் பல மக்களைப் பெற்று, பிற்காலத்திற் பியூபர்ட் ஊரின் அஞ்சல் அதிகாரியாகவும் விளங்கினார். 800 டாலர் விலையில் ஒரு பகுதியாய் மதிக்கப்பட்ட குழந்தை அவர்.

ஸ்மால்ஸ் 1889 முதல் 1913 வரை, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, பியூபர்ட் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாய் இருந்தார். அவர் பெயர் சட்டசபை உறுப்பினராகவே நூல்களிற் பெரிதாக எழுதப்படுகின்றது. அவர்தம் நாட்களுட் பெரும்பகுதி கழிந்ததோ துறைமுகத்திலேயே. 1897-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்றால் மாதம் 30 டாலர் உபகாரச் சம்பளம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், தாம் வாங்கிய அப்பிரின்ஸ் தெரு வீட்டிலேயே உயிர்நீத்தார். அவ்வூர்த் தேவாலயத்தின் முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து, 2023-ஆம் ஆண்டில், தென்னாட்டார் பெற்ற போர்வெற்றி ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்த அமெரிக்கப் போர்க்கப்பலொன்றிற்கு அப்பெயரை நீக்கி ராபர்ட் ஸ்மால்ஸ் என்னும் பெயரை இட்டனர்.

பிளான்டர் கப்பல் என்னவாயிற்று என்று கேட்கக்கூடும். யுத்தம் முடிந்தபின் அரசாங்கம் அதனை விற்றுவிட்டது. வாங்கியோர் அதனை மீண்டும் பஞ்சுப்பொதி ஏற்றும் தொழிலுக்கே அனுப்பினர். 1876-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ரொமைன் முனைக்கு அருகில் பாய்க்கப்பலொன்று மணலிற் றட்டி நின்றது. அதனை வடங்கட்டி இழுத்து மீட்க முயன்றபோது பிளான்டரின் முன்புறத்துப் பலகை பெயர்ந்து நீர் புகுந்தது. கரையில் ஏற்றிய கப்பலைப் புயலலைகள் உடைத்தெறிந்தன. பிறிதொரு கலத்தை இழுக்கப் போய்த் தன் உயிரை விட்டது என்றே சொல்லவேண்டும். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்துக் கடல் ஆராய்ச்சியாளர் அது கிடக்கும் இடத்தைக் கண்டதாக அறிவித்தனர். மணலுக்கும் நீருக்கும் அடியில் அஃது இன்னும் கிடக்கின்றது.

கப்பல் உடைந்த செய்தி வந்தபோது ஸ்மால்ஸ் சட்டசபை உறுப்பினராய் இருந்தார். அதனைக் கேட்டுத் தம் குடும்பத்தில் ஒருவரை இழந்தாற்போல் இருக்கின்றது என்று அவர் வருந்தியதாகச் சொல்லுவர்.